தொழில் நடத்துவோர்க்கு நற்றுணை யார்?



கோலியர் நாட்டுக் கக்கரபத்தம் என்னும் ஊரில் பகவன் புத்தர் தங்கியிருந்த காலத்தில், தீகஜாணு என்னும் இல்லறத்தான் அவரை அடைந்து வணங்கி ஒரு விண்ணப்பம் செய்துகொண்டான். தாங்கள் மனைவி மக்களோடு வாழ்பவர்கள். சந்தனமும் மாலையும் அணிபவர்கள். பொன்னையும் வெள்ளியையும் கையாள்பவர்கள். இத்தகையோர்க்கு இம்மையிலும் மறுமையிலும் நன்மை தரும் நெறி யாது என்பதே அவன் கேட்ட வினா. பொருளை எல்லாம் விட்டொழித்துக் காட்டுக்குப் போ என்று பகவன் அவனை விரட்டவில்லை. இம்மை நலத்திற்கு வேண்டியவை நான்கு என்று எடுத்துரைத்தார். சோர்வில்லாத முயற்சி, ஈட்டியதைக் காத்தல், கல்யாண மித்திரராகிய நல்லோர் நட்பு, வரவறிந்து வாழும் வாழ்வு என்பன அவை.

இவற்றின் வரிசையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். காத்தல் என்பதை விளக்குகையில், பொருளானது அரசராலும் கள்வராலும் நெருப்பாலும் வெள்ளத்தாலும் தீய வாரிசுகளாலும் அழியாதபடி காத்தல் என்று பகவன் பிரித்துக் காட்டினார். அதனை அடுத்தே நல்ல நண்பர் வருகின்றனர். ஏன்? பூட்டு கள்வனைத் தடுக்கும். கரை வெள்ளத்தைத் தடுக்கும். ஆனால் பூட்டுத் துருப்பிடித்ததையும் கரை அரித்துப் போனதையும் உடையவனிடம் வந்து சொல்ல ஒருவன் வேண்டுமன்றோ? அவன் இல்லாத இடத்தில் ஏனைய காவல்கள் யாவும் இருந்தும் இல்லாதனவே ஆகும். நல்லோர் நட்பைச் செல்வமாகிய ஏரிக்கு நீர் வரும் வாய்க்கால்களில் ஒன்றாகவும், தீயோர் நட்பை அதே ஏரியின் நீர் வெளியேறும் வழிகளில் ஒன்றாகவும் பகவன் உவமித்தார். நம் வள்ளுவப் பெருந்தகையும் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் அதிகாரத்தை அமைத்து, அதனை அடுத்துச் 'சிற்றினம் சேராமை' என்பதை வைத்திருக்கின்றார்.

இதை இன்று நாம் பேச எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பௌத்தம் தழுவிய நம் குடும்பங்களில் முந்திய தலைமுறையினர் பெரும்பாலும் பிறரிடம் ஊழியம் செய்தவர்கள். இன்றோ நம்மவரிலும் அச்சகம் நடத்துவோர், தோல் பட்டறை நடத்துவோர், கட்டட ஒப்பந்தம் எடுப்போர், கடை வைத்திருப்போர், பலருக்கு வேலை கொடுப்போர் தோன்றியுள்ளனர். பரம்பரை வணிகனுக்குப் பாட்டனும் மாமனும் சொல்லிக் கொடுப்பர். நமக்கு அந்த வசதி இல்லை. ஆகையால் யாரிடம் யோசனை கேட்பது என்னும் கேள்வி நம்மவர்க்கு மற்றவரைவிட மிகுந்த கவலைக்குரியது. ஒரு தவறான துணைவன் ஒரு தலைமுறையின் உழைப்பைக் கரைத்துவிடுவான். அவ்வளவோடு நில்லாது, அந்தத் தொழிலை நம்பி வாழும் கூலியாளனும், அந்தக் கட்டடத்திற்குள் வரும் அந்நியனும் அதனால் துன்புறுவர்.

உயரத்தில் இருப்பவனின் செவிட்டுத்தன்மை

பத்துப் பேருக்கு மேல் ஒருவனிடம் சம்பளம் வாங்கத் தொடங்கியவுடன் அவன் செவிக்கு எட்டும் செய்தி மாறிவிடுகின்றது. கெட்ட செய்தி சொன்னவன் வேலையை இழக்க நேரும். நல்ல செய்தி சொன்னவன் பரிசு பெறுவான். ஆகவே ஒவ்வொருவனும் தனக்குத் தெரிந்ததைச் சற்று இனிப்பாக்கி மேலே அனுப்புகின்றான். உச்சிக்குப் போய்ச் சேரும்போது அது முழுதும் தேனாகிவிடுகின்றது. முதலாளி ஒருவர் தம்மைச் சுற்றி உண்மை பேசுவோரே இருப்பதாக எண்ணிக்கொண்டிருப்பார். அவரது கட்டடத்தின் கீழ்த்தளத்தில் என்ன குவிந்து கிடக்கின்றது என்பதை வாயிலிலுள்ள தேநீர்க் கடைக்காரன் அறிவான், அவர் அறியார்.

சிகாலன் என்னும் இளைஞனுக்கு அறிவுறுத்திய சூத்திரத்தில் பகவன் நண்பர் போல நடிக்கும் நால்வரைக் காட்டியுள்ளார். எதையேனும் பறித்துக்கொண்டு போகவே வருபவன், வாய்ப்பேச்சு மட்டும் உடையவன், இச்சகம் பேசுபவன், கெடுவழியில் துணை வருபவன் என்போர் அவர்கள். இந்நால்வரில் தொழில் தலைவனுக்குப் பெரும் பகைவன் மூன்றாமவனே. அவன் நல்லதற்கும் ஆம் என்பான், தீயதற்கும் ஆம் என்பான். முன்னே புகழ்வான், பின்னே இகழ்வான். பறிப்பவனைக் கணக்குப் புத்தகம் ஒருநாள் காட்டிக் கொடுக்கும். இச்சகம் பேசுபவனை எந்தப் புத்தகமும் காட்டிக் கொடுக்காது. நம்முடைய ஆசையே அவனுக்கு மறைவிடமாக இருக்கின்றது.

இந்நால்வரோடு மற்றொருவனையும் நம் நாட்டு வழக்கம் சேர்த்து வைத்துள்ளது. கடை திறக்கவும், கூட்டாளியைச் சேர்க்கவும், வாயிற்படியை மாற்றவும் நாள் கோள் பார்த்துச் சொல்பவனே அவன். நட்சத்திரம் சரியில்லை என்று ஒருவன் சொன்னதைக் கேட்டுக் குறித்த நாளில் பெண்ணழைக்கப் போகாமல் நின்ற குடும்பத்தார், அப்பெண் வேறொருவனுக்கு மணம் முடிந்துபோனதைக் கண்டு திகைத்த கதை சாதகக் கதைகளில் உள்ளது. அவ்வாறு நாள் சொன்னவன், தன்னை முன்னதாகக் கேட்கவில்லையே என்னும் கோபத்தினாலேயே அப்படிச் சொன்னான் என்பதையும் அக்கதை மறைக்கவில்லை. திரிசரணம் ஏற்ற பின்னும் இத்தகையவனைத் தொழிலுக்கு மந்திரியாக வைத்திருப்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

டாக்குரியா உணர்த்தும் பாடம்

ஏட்டில் உள்ளதை நாட்டில் நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில் டாக்குரியா என்றோர் இடம் உண்டு. டாக்குரியா ஏரி என்று மக்கள் வழங்கும் ரவீந்திர சரோவரமும், அதன் அயலில் நிப்போன்சான் மியோஹோஜி என்னும் ஜப்பானியப் பௌத்த சங்கத்தாரின் ஆலயமும் அவ்வட்டாரத்தில் உள்ளன. சற்று அப்பால், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்து வரும் லேக் மார்க்கெட் பகுதி. அந்த டாக்குரியாவில் ஆம்ரி என்னும் பெரிய தனியார் மருத்துவமனை நடைபெற்று வந்தது. செல்வமும் புகழும் வாய்ந்தோர் நடத்திய நிறுவனம் அது. தேர்ந்த மருத்துவர்களைக் கொண்டிருந்தது.

2011 டிசம்பர் 9-ஆம் நாள் விடியற்காலை, அம்மருத்துவமனையின் இணைப்புக் கட்டடத்தின் அடித்தளத்தில் தீப்பற்றியது. வண்டிகள் நிறுத்துவதற்கென அமைந்த அவ்விடத்தில் எளிதில் எரியும் பொருள்கள் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. நெருப்பு மேலே ஏறவில்லை; புகை ஏறியது. குளிர்காற்றுக் குழாய்களின் வழியாக அது மாடி மாடியாகப் பரவியது. கட்டடம் கண்ணாடியால் மூடப்பட்டிருந்தமையால் புகை வெளியேற வழியில்லை. படுக்கையிலிருந்து எழ இயலாத நோயாளிகள் மூச்சுத் திணறி மாண்டனர். இறந்தோர் ஏறத்தாழ 90 பேர்.

அவ்விரவில் நிகழ்ந்த இரண்டு செய்திகளை நாம் மறத்தல் ஆகாது. கேரளத்திலிருந்து வந்து பணிபுரிந்த விநீதா, ரம்யா என்னும் இரண்டு இளஞ்செவிலியர், தம் பொறுப்பிலிருந்த நோயாளர் எண்மரை வெளியேற்றிவிட்டு, எஞ்சியவரையும் மீட்கச் சென்று தாமும் உயிர் நீத்தனர். இரண்டாவது செய்தி இது. மருத்துவமனையை ஒட்டிப் பஞ்சானன்தலா என்னும் ஏழையர் குடியிருப்பு உள்ளது. அங்கு வாழும் இளைஞர்களே புகையை முதலில் கண்டு உதவிக்கு ஓடிவந்தவர்கள். வாயிலில் இருந்த காவலாளிகள் தங்களை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினர் என்று அவர்கள் பின்னர்க் கூறினர். தீயணைப்புப் படைக்கும் செய்தி தாமதமாகவே கிடைத்தது என்று அத்துறையினர் கூறினர். திருப்பி அனுப்பப்பட்ட அவ்விளைஞரே பின்னர்க் கண்ணாடிகளை உடைத்து உட்புகுந்து, நோயாளிகள் பலரைச் சுமந்து வெளிக்கொணர்ந்தனர்.

அடித்தளத்தைக் காலி செய்யும்படி தீயணைப்புத் துறை அவ்வாண்டிலேயே கூறியிருந்ததும், மருத்துவமனை அதற்கு இசைந்து எழுதிக் கொடுத்திருந்ததும் விபத்திற்குப் பின் வெளியாயின. அன்றே அரசு மருத்துவமனையின் உரிமத்தை நீக்கியது. இயக்குநர்கள் கைது செய்யப்பட்டனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. பிற்காலத்தில் மருத்துவமனை மீண்டும் திறக்கப்பெற்று, 2023-இல் மணிபால் மருத்துவமனைக் குழுமத்தின் கைக்கு மாறியது. யார்மீது எவ்வளவு குற்றம் என்று தீர்ப்புரைப்பது நீதிமன்றத்தின் பணி. நம் பணி அன்று. நாம் கற்க வேண்டியது வேறு.

அந்நிறுவனத்திற்கு எச்சரிக்கை இரண்டு முறை வந்தது. முதன்முறை கடிதமாக வந்தது. அதற்கு எழுத்தில் இசைவு கிடைத்தது, அடித்தளமோ காலியாகவில்லை. இரண்டாம் முறை ஓடிவந்த மனிதராக வந்தது. அதற்கு வாயில் அடைக்கப்பட்டது. பெரிய நிறுவனம் ஒன்றிற்குச் சட்டம் சொல்ல வழக்கறிஞர் இருப்பர், கணக்குச் சொல்ல தணிக்கையாளர் இருப்பர், புகழ் சொல்ல எத்தனையோ பேர் இருப்பர். 'ஐயா, கீழே புகைகின்றது' என்று சொல்வதற்கு ஒருவன் இருக்கின்றானா, அவன் சொல் மேல்மாடி வரை போக வழியிருக்கின்றதா என்பதே கேள்வி. தலைவன் யாரை நெருங்க விடுகின்றான் என்பதைப் பார்த்தே வாயிற்காவலனும் யாரை உள்ளே விடுவது என்று கற்றுக்கொள்கின்றான். கந்தலாடை உடுத்தியவன் சொல்லைத் தலைவன் மதித்துக் கேட்கும் இடத்தில், காவலனும் மதித்துக் கேட்பான்.

பெயரைப் பார்த்தால் துணைவன் கிடையான்

இதற்கு நேர்மாறான ஓர் இரவைச் சாதகக் கதை நமக்குக் காட்டுகின்றது. சாவத்தி நகரத்துப் பெருவணிகர் அநாதபிண்டிகரை நாம் அறிவோம். ஜேதவனத்தைச் சங்கத்திற்கு அளித்தவர். அவருக்குச் சிறுவயதில் மண் அளைந்து விளையாடிய தோழன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் காளகண்ணி. தமிழில் ஒருவனை 'மூதேவி' என்று அழைப்பதற்கு ஒப்பான பெயர் அது. அவன் வறுமையுற்று வந்து சேர்ந்தபோது, வணிகர் அவனுக்கு ஊதியம் கொடுத்துத் தம் வீட்டுக் காரியங்களை அவன் பொறுப்பில் விட்டார்.

உற்றார் உறவினர் சீறினர். 'காளகண்ணி, வா, காளகண்ணி, உண்' என்று நாள் முழுதும் அந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தால் பேய்கூட ஓடிப்போகும், அவன் உமக்கு நிகரானவனும் அல்லன், அவனைத் துரத்திவிடும் என்றனர். பெயர் என்பது ஒருவனைச் சுட்டிக் காட்டும் அடையாளமே. அறிவுடையோர் அதைக் கொண்டு ஆளை அளவிடார். வெறும் பெயருக்காகப் பழைய தோழனைக் கைவிடேன் என்று வணிகர் உறுதியாக மறுத்துவிட்டார்.

ஒரு சமயம் வணிகர் தம் கிராமத்திற்குச் சென்றிருந்தார். வீட்டில் தலைவன் இல்லை என்றறிந்த கள்வர் கூட்டம் கல்லும் தடியும் ஏந்தி இரவில் வீட்டைச் சூழ்ந்தது. எல்லோரும் உறங்கினர், காளகண்ணி உறங்கவில்லை. கள்வர் வரக்கூடும் என்று ஐயுற்று விழித்தே இருந்தான். அவர்கள் வந்ததை அறிந்ததும், சங்கை ஊதச் செய்தான். முரசை அறையச் செய்தான். வீடு முழுதும் பெருங்கூட்டம் திரண்டிருப்பது போன்ற ஆரவாரத்தை எழுப்பினான். வீடு காலி என்று கேட்டது பொய், தலைவன் உள்ளேதான் இருக்கின்றான் என்றெண்ணிக் கள்வர் ஆயுதங்களைப் போட்டுவிட்டு ஓடினர். விடிந்தபின் சிதறிக் கிடந்த கற்களையும் தடிகளையும் கண்டவர்கள், அவனை விரட்டச் சொன்ன தம் வாயாலேயே அவனைப் புகழ்ந்தனர்.

அன்பர்களே! பெயராலும் பிறப்பாலும் இழிவு சுமத்தப்பட்டு, வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வழிவந்த நாம் இக்கதையை இரண்டு விதமாகக் கேட்க வேண்டும். வெளியே நிறுத்தப்பட்ட காளகண்ணி நாமே என்று மகிழ்வது ஒன்று, அது எளிது. இன்று நாம் முதலாளியாக அமர்ந்திருக்கும் இடத்தில் யாரைக் காளகண்ணி என்று ஒதுக்கி வைத்துள்ளோம் என்று ஆராய்வது மற்றொன்று. பெருக்கித் துடைக்கும் அம்மையாரின் சொல் நம் மேசை வரை வருகின்றதா? பிற மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த கூலியாளனிடம் நாம் ஒரு முறையேனும் யோசனை கேட்டதுண்டா? இதற்கு விடை கூறிய பின்னரே நாம் அநாதபிண்டிகரின் பெயரைச் சொல்லத் தகுதியுடையோம்.

துணைவரைத் தெளியும் நான்கு வழிகள்

ஏழை என்பதற்காகவே ஒருவனை நம்பிவிடுவதும் தவறு. கற்றவன் என்பதற்காகவே நம்பிவிடுவதும் தவறு. பின் எவ்வாறு அறிவது? கோசல மன்னன் பசேனதி ஒருநாள் பகவனிடம் அமர்ந்திருக்கையில், சடைமுடியரும் ஆடையற்றோரும் ஆகிய பலவேடத் துறவியர் அவ்வழியே சென்றனர். மன்னன் எழுந்து மண்டியிட்டு அவர்களை வணங்கினான். இவர்கள் மெய்ந்நிலை எய்தியவர்கள் அல்லரோ என்று பகவனைக் கேட்டான். இன்ப வாழ்வில் இருப்பவர்க்கு அதனை அறிதல் அரிது என்று கூறிய பகவன், ஆளை அறியும் வழி நான்கினை அருளினார். மன்னன் வியந்து, அவர்கள் உண்மையில் தன்னுடைய ஒற்றர்களே என்று ஒப்புக்கொண்டான். அந்நான்கு வழிகளையும் தொழில் துறைக்குப் பொருத்திக் காண்போம்.

முதலாவது, ஒருவனுடைய ஒழுக்கத்தை உடன் வாழ்ந்தே அறிய இயலும்; அதுவும் நெடுங்காலம் வாழ்ந்து. வெல்ல முடியாத லிச்சவியரை மகத நாட்டார் வென்றது எப்படி என்பதைப் பழைய உரையாசிரியர்கள் கூறுவர். மகத அரசனால் துரத்தப்பட்டவன்போல் நடித்து வந்த அமைச்சன் வச்சகாரனை லிச்சவியர் உடனே ஏற்று, உயர்ந்த பதவியையும் தந்தனர். ஒருவன் காதில் ஒன்று, மற்றவன் காதில் வேறொன்று என்று அவன் ஓதிவந்தான். 3 ஆண்டுகளில் இருவர் ஒரு வழியில் சேர்ந்து நடவாத நிலை வந்தது. படை வருகின்றது என்று முரசறைந்தபோது திரண்டு வர ஆளில்லை. போட்டி நிறுவனத்தில் கோபித்துக்கொண்டு வந்தவன் என்ற ஒரே காரணத்தால் ஒருவனைத் தலைமேல் வைத்துக்கொள்வோர் இதனை நினைப்பாராக.

இரண்டாவது, நேர்மையைக் கொடுக்கல் வாங்கலில் அறிய வேண்டும். புகழ் இதற்கு ஈடாகாது. ஐதராபாத்தைச் சேர்ந்த சத்யம் கணினி நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் பேர்பெற்ற பேராசிரியர்களும் அரசின் உயர்பதவி வகித்தவரும் இருந்தனர். 2008 டிசம்பரில், தலைவரின் குடும்பத்தார் சார்ந்த இரு நிறுவனங்களை வாங்கும் திட்டத்திற்கு அக்குழு இசைவளித்தது. பங்குதாரர் கொதித்தெழவே திட்டம் கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7-ஆம் நாள், கணக்குகள் பொய்யாகப் பெருக்கி எழுதப்பட்டவை என்று தலைவர் ராமலிங்க ராஜு தாமே எழுதி ஒப்புக்கொண்டு விலகினார். பின்னர் 2013-இல் இயற்றப்பட்ட நிறுவனச் சட்டம், பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்களின் இயக்குநருள் மூன்றில் ஒரு பங்கினராவது சார்பற்றவராக இருத்தல் வேண்டும் என்று விதித்தது. நல்ல விதிதான். ஆயினும் சட்டம் இருக்கையைத் தரலாமேயன்றி, அதில் அமர்ந்தவர்க்கு வாய் திறக்கும் நெஞ்சுரத்தைத் தர இயலாது. நம் பணத்தால் வாழ்வு பெறாதவராக ஒருவராவது நமக்கு யோசனை கூற வேண்டும் என்பதே சிறு தொழிலாளர்க்கும் இதிலுள்ள படிப்பினை.

மூன்றாவது, உறுதியைத் துன்பக் காலத்தில் அறிய வேண்டும். நகுலபிதா என்னும் இல்லறத்தார் நோயுற்றுச் சாகும் தறுவாயில் குடும்பத்தை எண்ணிக் கலங்கினார். அவர் மனைவி நகுலமாதா அழவில்லை. தமக்குப் பஞ்சு நூற்கத் தெரியும், பிள்ளைகளைக் காப்பாற்ற முடியும், அறநெறியில் தாம் தளர மாட்டார் என்று ஒவ்வொரு கவலைக்கும் விடை கூறி அவரைத் தேற்றினார். நோய் நீங்கிக் கோலூன்றி வந்த கணவரிடம், இத்தகைய அறிவுரை கூறும் துணைவியைப் பெற்றது உமது பேறு என்று பகவன் பாராட்டினார். வீட்டில் இவ்வாறு ஒரு மந்திரி இருக்க, ஊரெல்லாம் தேடி அலையும் ஆண்மக்கள் நம்மிலும் பலர். கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்பது தலைமைக்கு இழுக்கு அன்று.

நான்காவது, அறிவை உரையாடலில் அறிய வேண்டும். உரையாடல் என்பதில் மௌனமும் அடங்கும். அஜாதசத்து மன்னன் ஒரு முழுநிலா இரவில், எந்தப் பெரியாரைக் காண்பது என்று கேட்டான். அமைச்சர் அறுவர் முந்திக்கொண்டு ஆளுக்கொரு பெயர் கூறினர். மருத்துவராகிய ஜீவகர் மட்டும் வாய் திறவாதிருந்தார். நீர் ஏன் பேசவில்லை என்று மன்னன் கேட்ட பின்னரே, பகவன் தம் மாந்தோப்பில் எழுந்தருளியிருப்பதைத் தெரிவித்தார். முன்பு தேவதத்தன் சொற்கேட்டுத் தந்தையைக் கொல்லும் பழி ஏற்றவன் அம்மன்னன். தேவதத்தன் அவனிடம் நாள்தோறும் 500 பானை உணவு பெற்றான். ஜீவகரோ கேட்டால் மட்டும் பேசினார். சபையில் யார் அதிகம் பேசுகின்றார் என்பதைவிட, யாரை நாம் இன்னும் கேட்கவில்லை என்பதே தலைவன் எண்ணத் தக்கது.

ஆனந்தர் கேட்ட வரங்கள்

துணைவனாக வருபவன் எத்தகைய உடன்படிக்கையோடு வர வேண்டும் என்பதற்கும் நம் சமயத்தில் சான்று உண்டு. தமது 55-ஆம் வயதில் பகவன் நிலையான உதவியாளர் ஒருவரை நாடினார். ஆனந்தர் அப்பணியை ஏற்குமுன் எட்டு வரங்களைக் கேட்டார். பகவனுக்குக் கிடைத்த ஆடையைத் தமக்குத் தரலாகாது. அவருக்குக் கிடைத்த உணவைத் தரலாகாது. அவருடைய அறையில் தமக்கு இடம் தரலாகாது. அவருக்கு வந்த அழைப்புகளுக்குத் தம்மை உடன் அழைத்துச் செல்லலாகாது. இவை நான்கும் வேண்டா என்பன. தாம் ஏற்ற அழைப்புக்குப் பகவன் வர வேண்டும். தொலைவிலிருந்து வருபவரை உடனே அவர்முன் அழைத்துவரத் தமக்கு உரிமை வேண்டும். ஐயம் எழும்போதெல்லாம் கேட்க இசைவு வேண்டும். தாம் இல்லாத இடத்தில் உரைத்த அறத்தைத் தமக்கு மீண்டும் உரைக்க வேண்டும். இவை நான்கும் வேண்டும் என்பன.

இவற்றைவிடச் சிறந்த ஆலோசகர் உடன்படிக்கை எங்கே உள்ளது? முதல் நான்கும், தலைவனின் நெருக்கத்தால் தனக்கு இலாபம் கூடாது என்பவை. பின் நான்கும், தலைவனின் கதவு பிறருக்கும் தனக்கும் திறந்திருக்க வேண்டும் என்பவை. இன்று நாம் காண்பது என்ன? தலைவனின் வண்டியிலும் விருந்திலும் பங்கு கேட்பவர் பலர். தொலைவிலிருந்து வந்த எளியவனைத் தலைவன்முன் கொண்டுவந்து நிறுத்துபவர் சிலர். முன்னவரைச் சற்று விலக்கியும் பின்னவரை அருகில் அமர்த்தியும் வைப்பதே தலைமையின் அறிவு.

இறுதியாக ஒன்று. நல்ல துணைவன் கிடைத்துவிட்டான் என்றால் அத்துடன் கடமை முடிந்துவிடாது. அவன் சொல்லைத் தாங்கும் நெஞ்சும் வேண்டும். குற்றத்தை எடுத்துக்காட்டும் அறிஞனைப் புதையல் இருக்கும் இடத்தைச் சுட்டுபவனுக்கு ஒப்பாகத் தம்மபதம் வைத்துப் பேசுகின்றது. புதையலைக் காட்டியவன்மீது யாரேனும் கோபிப்பாரோ? கசப்பான சொல் வந்த நாளில் நம் முகம் எவ்வாறு மாறுகின்றது என்பதை நம் பணியாளர் அனைவரும் உற்று நோக்குகின்றனர். அந்த ஒரு கணத்தில் நாம் முகம் சுளித்தால், அடுத்த ஆண்டு முழுதும் நமக்கு இனிப்பான சொல்லே கிடைக்கும். நன்றி என்று சொன்னால், நள்ளிரவிலும் ஒருவன் வந்து கதவைத் தட்டுவான்.

ஆகையால், தொழில் நடத்தும் உபாசக உபாசிகைகளே! வரும் உபோசத நாளில் சீலம் ஏற்றபின் சற்று நேரம் தனித்திருந்து எண்ணிப் பாருங்கள். கடந்த ஓராண்டில் உங்களை மறுத்துப் பேசியவர் யார்? அவர் இன்றும் உங்கள் அருகில் இருக்கின்றாரா? ஒருவரும் மறுத்துப் பேசவில்லை என்றால், உங்கள் தொழிலில் குறையே இல்லை என்று மகிழாதீர்கள். அடித்தளத்திற்கு நீங்களே இறங்கிச் சென்று பாருங்கள். மறுத்தவர் ஒருவர் இருந்து, அவரை நீங்கள் ஒதுக்கியிருந்தால், அவர் வீட்டுக்கு நீங்களே நடந்து செல்லுங்கள். உங்கள் கையில் இருப்பது உங்கள் பொருள் மட்டுமன்று. உங்கள் கூரையின்கீழ் உறங்கும் பலரின் உயிரும் அதனுள் அடங்கும்.

விழிப்போடு இருப்போரும், விழித்திருந்து பிறரைக் காப்போரும் நம் நடுவே பெருகுவாராக! எல்லா உயிர்களும் அச்சமின்றி இன்புற்று வாழ்க!

சாது! சாது! சாது!